ஒரு பூச்சு சுண்ணாம்பு

‘வீட்டுக்குத்தானே பீர் போடுகிறோம், விற்கவா போகிறோம், இதில் என்ன தப்பு?’ என்று சிலர் கேட்கிறார்கள். பாளையங்கோட்டைப் பக்கம் கிறிஸ்துமஸ் வைனுக்குத் திராட்சை ஊறப்போடுகிறவர்களுக்கும் இதே சந்தேகம் வரும். தமிழ்நாட்டில் இரண்டும் கூடாது. அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டப்படி, இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டில் வருஷத்துக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் பீர் வரியில்லாமல் போட்டுக்கொள்ளலாம். அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இந்த ஊரில் வாளியைத் தூக்கினால் வம்புதான். இங்கே மது மாநிலப் பட்டியலில் இருக்கிறது, அதாவது அதற்குச் சட்டம் போடுவது மாநிலம்தான். 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் 4-வது பிரிவில், தயாரிப்பது மட்டுமல்ல, தயாரிக்கவென்று பொருளும் பாத்திரமும் வைத்திருப்பதும் குற்றம். ‘சொந்த உபயோகம்’ என்ற விலக்கு வீட்டுப் பீருக்குக் கிடையாது. பார்லியும், அதைப் புளிக்கவைக்கும் ஈஸ்டும் யாரும் வாங்கலாம். எதற்கு வைத்திருக்கிறாய் என்பதில்தான் வழக்கே.

நம்ம சீமையில் பீர் வாளியைவிடப் பனை உச்சியில்தான் இந்தச் சட்டம் அதிகம் உரசுகிறது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பதனிக்கு விதிகள் இடம் கொடுக்கின்றன. இரண்டும் ஒரே பாளையில் வடிவதுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதனி, தடவாவிட்டால் கள். ஒரு பூச்சு சுண்ணாம்பை நம்பி இத்தனை பெரிய சட்டம் நிற்கிறது என்பது விநோதம்தான். ஆனால் காரணம் இருக்கிறது.

பாளையில் வடியும் சாற்றில் பத்து சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. புளிப்பே இல்லாத அந்தச் சாறு ஈஸ்டுக்கு விருந்து. காற்றிலும், தேனீயின் காலிலும், நேற்றுச் சரியாகக் கழுவாத கலயத்திலும் ஈஸ்ட் காத்திருக்கும். சித்திரை வெயிலில் சில மணி நேரத்தில் சாறு நுரைத்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு சாற்றைக் காரமாக்கி (உறைப்பு அல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை) ஈஸ்டை அடக்குகிறது, ஒழிப்பதில்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் கலயத்தைத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, நீற்றிய சுண்ணாம்பைப் புதிதாகத் தடவ வேண்டும். பழைய பூச்சு காற்றுப் பட்டு வீரியம் இழந்திருக்கும். பார்க்க வெள்ளையாக இருப்பதை நம்பக் கூடாது.

சுண்ணாம்பு குறைந்தால் சட்டச் சிக்கலோடு தொழில் நஷ்டமும் சேரும். சாற்றின் சர்க்கரை உடைந்து குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரியும். எத்தனை நேரம் காய்ச்சினாலும் கருப்பட்டி இறுகாமல் இளகிக் கிடக்கும். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் காய்ச்சுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு கூடினால் பதனி நாக்கைப் பிடிக்கும், கருப்பட்டி கறுத்துப்போகும்.

போதுமா என்று பார்க்க வீட்டிலேயே வழி உண்டு. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதல்லவா, அதேதான். அரை டம்ளர் பதனியில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கலக்கினால் சிவப்போட வேண்டும். மஞ்சளாகவே நின்றால் காரம் போய்விட்டது. கூடவே நுரையும் புளித்த வாடையும் இருந்தால் அது பதனி இல்லை. காலையில் இறக்கியதை வெயில் ஏறுமுன் குடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். மதியம் வரை பிளாஸ்டிக் குடத்தில் மூடிவைத்து ரோட்டோரம் விற்பதுதான் இருப்பதிலேயே மோசமான பழக்கம். அனுமதியோடு இறக்கியதாகவே இருக்கட்டும், சாயங்காலம் குடத்தில் போதை ஏறியிருந்தால் ‘காலையில் பதனிதான்’ என்ற வாதம் எடுபடுவது கஷ்டம். ஆல்கஹால் உள்ள எந்தத் திரவமும் சட்டத்தின் பார்வையில் மதுதான்.

புளியரை தாண்டினால் கேரளம், அங்கே கள்ளுக்கடை உண்டு. உரிமம் பெற்ற கடையில் உட்கார்ந்து குடித்துவிட்டு வருவது வேறு. கேனில் ஊற்றிக்கொண்டு செங்கோட்டைக்குத் திரும்பினால், கையில் இருக்கும் கேனே வழக்குக்குப் போதும்.