ரெண்டும் ஒண்டெண்டு நீங்கள்தானே சொன்னியள்?

ஒட்டுசுட்டான் பக்கத்துத் தாய் இதைக் கோபத்தில் கேட்கவில்லை. கோபத்தில் கேட்டிருந்தால் நானும் எப்போதோ மறந்திருப்பேன்.

டாக்டராக நான் அப்படிச் சொன்னது உண்மைதான். நெஞ்சில் சளி கட்டி, விலா உள்ளே இழுக்க இழுக்கப் பிள்ளை வந்த அன்று, மாஸ்க் வழியே விடாமல் அழுத்தத்தோடு காற்றுத் தரும் சீபாப் மெசினில் வேறொரு பிள்ளை. மூக்கில் வைக்கும் சிறு குழாயால் சூடான ஈரக் காற்றை வேகமாகத் தரும் ஹைஃப்ளோதான் போட்டோம். பெரிய மெசின் இல்லையா என்று அவள் கேட்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் அம்மா என்றேன். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், மூச்சுத் திணறி வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் சீபாப்பிலிருந்து ஏறக்குறைய 48 மணித்தியாலத்திலும் ஹைஃப்ளோவிலிருந்து 53 மணித்தியாலத்திலும் விடுபட்டார்கள். ஹைஃப்ளோ சளைத்ததல்ல என்பதுதான் முடிவு. மயக்க மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது.

ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டு வென்டிலேட்டரில் வைக்க வேண்டி வந்தது. சீபாப் கிடைத்திருந்தாலும் வந்திருக்கலாம், யார் கண்டது. பிறகு ட்யூப்பை எடுத்ததும் சீபாப் போடச் சொன்னேன். மூக்கை அழுத்தும் மாஸ்க், தலையைச் சுற்றிய பட்டி, இழுத்துவிடாமல் இருக்கச் சீலை சுற்றிய கைகள். பிள்ளை வீறிட்டு அழுதது. அப்போதுதான் அவள் கேட்டாள்.

ட்யூப் எடுத்த பிள்ளைகளின் கணக்கு வேறு. அதே குழுவின் மற்ற ஆய்வில் பாதிப்பேர் விடுபட சீபாப்பில் ஏறக்குறைய 43 மணித்தியாலம், ஹைஃப்ளோவில் 50க்குச் சற்று மேல். ஹைஃப்ளோ சளைத்ததல்ல என்று அங்கே காட்ட முடியவில்லை. 180 நாளுக்குள் இறந்தவர்களும் சீபாப்பில் 2.4 சதவீதம், ஹைஃப்ளோவில் 5.6. ஆய்வின் முதன்மைக் கேள்வி அதுவல்ல, ஆனால் அந்த எண்ணைப் படித்தவனுக்குக் கை ஹைஃப்ளோப் பக்கம் போகாது. இதையெல்லாம் கட்டிலடியில் நின்று எப்படிச் சொல்வது? "அது வரேக்க அம்மா, இது ட்யூப் எடுத்தாப் பிறகு, வேற வேற" என்றேன். சரி என்று தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த எண்கள் நேர்மையானவைதான். ஆனால் அங்கே மாஸ்க் நழுவினால் உடனே பார்க்கத் தாதி பக்கத்திலேயே நிற்பார், இங்கே இரவில் ஒரு தாதி மிஸ் எத்தனை கட்டிலுக்கு ஓடுவா? காற்றுக் கசியும் சீபாப் சீபாப்பே இல்லை.

மறுநாள் காலை ஹைஃப்ளோவுக்கு மாற்றினேன். மூக்கடியில் தோல் உரியத் தொடங்கியிருந்தது, பிள்ளையின் சிகிச்சைக் குறிப்பான பெட் ஹெட் டிக்கெட்டில் அதைத்தான் காரணமாக எழுதினேன், பொய்யில்லை. அவள் கேட்டிராவிட்டால் பின்னேரம் வரை பொறுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.