சிவப்பு மையில் ஒரு கேள்வி

சென்ற மாதம் சிங்கப்பூர்ச் சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோவிலில் கண்டபோது, "மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கோ அக்கா" என்று எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டார். எதை எழுதுவது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. 1979இல் யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த ரீச்சரைப் பற்றி எழுத வேண்டும் என்று கனகாலமாக மனதில் இருந்தது. அவரிடம் படித்த ஒரேயொரு பாடத்தை வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருடங்களாகச் சனிக்கிழமை காலைகளில் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்த வருடம் இரண்டாம் தவணையில் ரீச்சர் தந்த தலைப்பு 'உலகை மாற்றிய ஒரு பெண்'. வகுப்பில் பாதிப் பேர் சிறிமாவோ பண்டாரநாயக்காவை எழுதினோம். 1960இல் உலகின் முதல் பெண் பிரதமர் ஆனவர், அதுவும் எங்கள் நாட்டவர், வேறு யாரை எழுதுவது? நான் மூன்று பக்கம் எழுதினேன். பெண் குலத்தின் பேரொளி என்றேன், வரலாற்றின் ஏடுகளில் பொன்னெழுத்து என்றேன். கொப்பி திரும்பி வந்தபோது புள்ளி போடப்பட்டிருக்கவில்லை. ஓரத்தில் மூன்று இடத்தில் சிவப்பு மையில் 'அதனால்?' என்று மட்டும் இருந்தது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரீச்சர் மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, "பிள்ளை, நீர் இவவைப் புகழ்ந்திருக்கிறீர். நான் கேட்டது புகழ்ச்சியில்லை, வழக்கு. முதல் பெண் பிரதமர் எண்டு எழுதினீர், சரி. அதனால் யாருக்கு என்ன மாறினது? உம்மோடை ஒத்துப்போகாத ஒராள் இதை வாசிச்சால் மனம் மாறுமோ?" என்றார்.

அடுத்த பாடவேளை முழுவதும் கண்ணகி வழக்குரைத்த கதைதான். எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் ரீச்சர் கேட்ட கேள்வியை அதற்கு முன் யாரும் எங்களிடம் கேட்கவில்லை: "பாண்டியன் எந்த இடத்திலை தோத்தான்?" அவள் அழுதபோது என்றான் ஒருவன். சிலம்பை உடைத்தபோது என்றோம் மற்றவர்கள். ரீச்சர் தலையாட்டவில்லை. உடைப்பதற்கு முன்னாலேயே அவன் தோற்றுவிட்டான் என்றார். கண்ணகி, என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்கிறாள். அரசன், எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான். அந்தக் கணத்தில், எது சான்று என்பதை எதிராளியே தன் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டான். அதற்குப் பிறகு சிலம்பு உடைவதும் மணி தெறிப்பதும் மிச்சச் சடங்கு. கணவனைப் பறிகொடுத்து, தலைவிரி கோலமாய் வந்து நிற்கிறவள் கண்ணீரை நம்பி வழக்காடவில்லை என்று ரீச்சர் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

கட்டுரையைத் திரும்ப எழுதச் சொன்னார். விரும்பினால் ஆளை மாற்றலாம் என்றும் சொன்னார். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இரண்டு சனிக்கிழமை இருந்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி வாசித்தேன். (அந்த நூலகம் 1981இல் எரிந்தது. நான் குறிப்பெடுத்த மேசையை இன்றும் கண்ணுக்குள் காண்கிறேன்.) புதுக்கோட்டையில், ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் எதிர்ப்புக்கிடையில் இடம் வாங்கினார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதனால்? 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர் ஆனார். அதனால்? பெண் குழந்தைகளைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அங்கே வாதாடினார், 1947இல் அதைத் தடுக்கும் சட்டம் முழுதாக வந்தது. இந்த இடத்தில்தான் என் பேனா நின்றது. அவருடைய தாயாரே அப்படிப் பொட்டுக்கட்டும் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர். 'முதல்' என்ற பட்டங்களை எல்லாம் ஒரே வரியில் அடக்கிவிட்டு மிச்சம் இரண்டு பக்கமும் அந்தச் சட்டத்தைப் பற்றியே எழுதினேன். இந்த முறை புள்ளி கிடைத்தது. எத்தனை என்று நினைவில்லை. ஓரம் சுத்தமாக இருந்தது.

சரி, சிங்கப்பூருக்கு வருகிறேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் குடியிருப்பாளர் குழுவுக்கு ஓர் அறை உண்டு. அங்கேதான் வகுப்பு. தொடக்கநிலை 5இலிருந்து உயர்நிலை 2 வரை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். முதல் இரண்டு வருடம் நான் செய்தது பெரிய பிழை. எல்லாத் துணைப்பாட வகுப்புகளிலும் செய்வதைப்போல மாதிரிக் கட்டுரைகளை நகல் எடுத்துக் கொடுத்தேன். அழகான சொற்றொடர்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். பிள்ளைகள் அப்படியே எழுதினார்கள். அன்னை தெரசாவுக்கும் முன்னாள் அதிபர் ஹலிமா யாக்கோபுக்கும் ஒரே பத்தி, பெயர் மட்டும் வேறு! அதைத் திருத்திக்கொண்டிருந்த ஓர் இரவில்தான் என் கை தானாக ஓரத்தில் 'அதனால்?' என்று எழுதியது.

இப்போது முதல் வகுப்பை இரண்டு மைலோ டின்னோடு தொடங்குகிறேன். ஒன்றில் கொண்டைக்கடலை, மற்றதில் உளுந்து. மூடியை டேப் போட்டு ஒட்டியிருப்பேன். இரண்டு பிள்ளைகளை எழுப்பி, ஒரு டின் உன்னுடையது, அது இவனிடம் போய்விட்டது, திரும்ப வாங்கு என்பேன். முதலில் எல்லாரும் சத்தம் போடுவார்கள். அப்புறம் ஒரு பிள்ளை டின்னைக் குலுக்கிக் காதில் வைத்துப் பார்க்கும். எப்படியும் ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "உன் டின்ல என்ன இருக்கு, முதல்ல நீ சொல்லு." அங்கே நிறுத்திவிட்டுக் கண்ணகி கதையைச் சொல்வேன். டின்னைக் கடைசியில்தான் திறப்போம்.

அதன் பிறகு துண்டுத் தாள். ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, அவரைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததை மட்டும் ஒரு தாளுக்கு ஒரு செய்தியாக எழுத வேண்டும். இரண்டு தாளுக்கு இடையில் 'அதனால்' போட்டு வாசிக்க வேண்டும். ஒட்டாத தாளை எடுத்துவிட வேண்டும். எலிசபெத் சோயை எடுத்த பிள்ளைகளுக்கு இது சுலபமாக வரும். ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்திருந்த காலத்தில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு உணவும் செய்தியும் கடத்திக் கொடுத்தது, அதனால் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டது என்று அவர் வாழ்க்கையே கோத்தபடி இருக்கும். எல்லாரும் அப்படி அமைவதில்லை.

போன வருடம் தொடக்கநிலை 6 படிக்கும் ஒரு சிறுமி கேப்டன் லட்சுமியை எடுத்தாள். சென்னையில் பிறந்த மருத்துவர், 1940இல் சிங்கப்பூர் வந்து ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், 1943இல் நேதாஜி தொடங்கிய ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கியவர். படையின் பயிற்சி முகாம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் இருந்தது என்றதும், "கிருஷ்ணன் கோவில் இருக்கிற ரோடா ஆன்ட்டி?" என்று எழும்பி நின்றுவிட்டாள். அவள் எழுதிய முடிவு: லட்சுமி இந்தியாவுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்தார்.

எதிரில் இருந்த உயர்நிலை மாணவன் விடவில்லை. "அந்தப் படை பர்மா வரைக்கும்தான் போச்சு. இந்தியாவுக்குள்ள நுழையவே இல்லையே."

அவன் சொன்னது உண்மை. சிறுமியின் முகம் வாடிப்போனது. நான் உதவிக்குப் போகவில்லை. அது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் எனக்கு ரீச்சர் உதவிக்கு வந்திருந்தால் நான் நூலகத்துக்குப் போயிருக்க மாட்டேன். அடுத்த வாரம் அவள் ஒரு புதுத் தாளோடு வந்தாள். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் என்று நூலகப் புத்தகத்தில் பார்த்திருக்கிறாள். ஜொகூரில் வளர்ந்த பாட்டியிடம் தோட்டத்தைப் பற்றிக் கேட்டு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளைக் குறிக்கும் 'லயம்' என்ற சொல்லையும் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். எழுந்து நின்று சொன்னாள்: "படை ஜெயிக்கலை, ஒத்துக்கிறேன். ஆனா விடியக்காலையில பால்மரம் வெட்டப் போய்ட்டு லயத்துக்குத் திரும்பி வர்ற பொண்ணுங்ககிட்ட, நீயும் சீருடை போட்டுத் துப்பாக்கி பிடிக்கலாம்னு இவங்க சொன்னாங்க. அவங்களும் வந்தாங்க. நான் இப்ப அதைத்தான் எழுதியிருக்கேன்."

'விடுதலை வாங்கிக் கொடுத்தார்' என்ற வரியை அவளே அடித்திருந்தாள். சொல்வது சின்னதானதும் வழக்கு பலமானது. பெரியவர்கள் எழுதும் கட்டுரைகளில்கூட இந்தத் துணிவை நான் அதிகம் கண்டதில்லை.

இன்னொரு வகுப்பு. 1961இல் வந்த மாதர் சாசனம், அதாவது ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கிய சாசனம், பாடத்துக்கு வந்தது. அதற்காக 1952இலிருந்து சிங்கப்பூர் மாதர் மன்றத்தின் மூலம் போராடிய ஷிரின் ஃபோஸ்டாரை ஒரு பையன் எடுத்தான். மும்பையில் பிறந்த அவர் சிங்கப்பூருக்கு வந்ததே 1950இல்தான். சட்டமன்றத்துக்குள் குரல் கொடுத்த சான் சோய் சியோங்கை இன்னொருவன் எடுத்தான். யாருக்குப் பெருமை என்று இருவரும் மல்லுக்கு நின்றார்கள். யாரிடம் பேசினார்கள் என்று பாருங்கள் என்றேன். 1959 தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமாகியிருந்தது, பெண்களின் வாக்கு எந்தக் கட்சிக்கும் வேண்டியிருந்தது. ஒருவர் வெளியில் நின்று கேட்டார், மற்றவர் உள்ளே போய்க் கேட்டார். கேட்கப்பட்டவர்களுக்குச் செவிகொடுக்க ஒரு காரணமும் இருந்தது. இதைத்தான் நம் ரீச்சர் 'எதிராளியின் மடியில் என்ன இருக்கு எண்டு பார்' என்பார்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு தமிழ் முஸ்லிம் பிள்ளை கையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, அந்தத் திருமணச் சட்டம் எங்களுக்கு இல்லையே. எங்களுக்கு ஷரியா நீதிமன்றம் இருக்கு." ஷிரினை எடுத்த பையன், சாசனம் 'சிங்கப்பூர்ப் பெண்கள் எல்லாரையும்' காத்தது என்று எழுதியிருந்தான். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ரப்பரால் 'எல்லாரையும்' என்ற சொல்லை மட்டும் அழித்தான். அழித்த இடம் சாம்பல் நிறமாகிப்போனது. அதன் மேலேயே முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணங்கள் என்று எழுதினான். முஸ்லிம்களுக்கான ஷரியா நீதிமன்றம் 1958இலேயே வந்துவிட்டது என்று நான் சொன்னதும், அதையும் ஒரு தாளில் எழுதி இடையில் செருகினான். கேள்வி கேட்ட பிள்ளை எட்டிப் பார்த்து, "இப்ப ஓகே" என்றாள். இவளைத்தான் அவன் நம்பவைக்க வேண்டியிருந்தது. நம்பவைத்தும்விட்டான்.

நம் வகுப்பு நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த 1979இல் ரீச்சர் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் எங்களுக்கு விவாதம் வைப்பார். தலைப்புகளில் எனக்கு இரண்டுதான் நினைவிருக்கிறது. ஒன்று, 'கண்ணகி வழக்கில் வென்றாள், மதுரையை எரித்ததால் தோற்றாள்'. மற்றது, 'கோவலனுக்காக அழவேண்டியவள் மாதவியே'. முதல் விவாதத்தில் நான் 'வென்றாள்' என்ற அணி. எதிரணியில் பேசியவர் இப்போது கனடாவில் இருப்பதாக அறிகிறேன். அன்று அவர் சொன்ன ஒரு வாதத்துக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை, ரீச்சரும் கைதட்டினார். அது என்ன என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. இந்த மலர் அவர் கைக்குக் கிடைத்தால் சங்க முகவரிக்கு எழுதி அனுப்பட்டும். ஜூன் விடுமுறை முடிந்ததும் பிள்ளைகளுக்கு அந்தத் தலைப்பைக் கொடுக்க இருக்கிறேன்.