உடுவிலுக்கா, ஸ்காபரோவிலேயா: ஒரு குளிர்காலக் குறிப்பு

2024 நவம்பர் 3, ஞாயிறு

இன்று அதிகாலை குளிர்கால நேரத்துக்காக மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கே கனடாவின் இந்த ஸ்காபரோ இருட்டிவிட்டது. 36 வருடமாக இந்த நாளில் மனுசியிடம் ஒரே வசனத்தைத்தான் சொல்லி வருகிறேன்: "அடுத்த வருசம் இந்த இருட்டுக்குள்ள நான் இல்லை." அவளும் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போவாள். இன்று சிரிக்கவில்லை. மேசையில் பென்சன் கடிதம் கிடந்தது.

போன மாதம் 64 முடிந்தது. 65 ஆனதும் முதியோர் பென்சன் தானாகவே தொடங்கும், நான் ஒன்றும் எழுதி அனுப்பத் தேவையில்லை என்று அதில் இருக்கிறது. இவ்வளவு நாளும் யாழ்ப்பாணத்து உடுவிலுக்கு, என் ஊருக்குப் போவது வெறும் கதையாக இருந்தது. இனிக் கணக்குப் பார்க்க வேண்டும். அதுதான் எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கணக்கு இப்படி வருகிறது. 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் இந்த நாட்டில் இருந்தவருக்குத்தான் முழுப் பென்சன். நான் 1988 மார்ச்சில் வந்தவன். 65 ஆகும்போது முழுதாக 37 வருடம். அப்போ 40 இல் 37 பங்கு. இப்போது முழுத்தொகை மாதம் 727 டொலர் என்றால், என் பங்கு 673 அளவில் நிற்கும். 20 வருடம் இருந்தவர் பிறகு எந்த நாட்டில் போய்க் குந்தினாலும் இந்தக் காசு வரும். சம்பளத்தில் வெட்டிய மற்றப் பென்சனும் அப்படித்தான். வருமானம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கிற மேலதிகக் காசு மட்டும் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். கனடா வதிவிடத்தை விட்டவரின் பென்சனில் பொதுவாக 25 வீதம் வரி பிடிப்பார்கள். ஒப்பந்தம் உள்ள நாடென்றால் குறையலாம்.

ஒரு டொலர் 200 ரூபாய்க்கு மேல் போகிறது. ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பெருக்கல்தான். "அங்கை ராசா மாதிரி இருக்கலாம் மச்சான்" என்று ஒருவர். அதே மனுசன்தான் 2022 இல் ஊருக்குப் போய், பெற்றோல் வரிசையில் நின்று, கறன்ட் இல்லாமல் வேர்த்து, மூன்றாம் கிழமை ரிக்கற்றை மாற்றிக்கொண்டு ஓடி வந்தவர். அதை அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை. கோப்பி அவர்தான் வாங்கித் தந்தவர்.

நவம்பர் 16, சனி

காசு பிரச்சினையில்லை, நாள்தான் பிரச்சினை. ஒன்ராரியோ மாகாணத்தின் ஹெல்த் கார்ட், அதாவது இலவச வைத்திய அட்டை, செல்லுபடியாக இருக்க எந்த 12 மாதத்தை எடுத்தாலும் 153 நாள் இங்கே நிற்க வேண்டும். ஊரில் நிற்க மிச்சம் 212. ஏழு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

யாழ் போதனா வைத்தியசாலையில் இலவசமாகவே பார்ப்பார்கள், அது உண்மை. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் சீனி, எனக்கு மேலதிகமாகப் பிறஷர், அவளுக்கு இடது முழங்கால். அந்த முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை என்று பெயர் பதிந்து எட்டு மாதமாகக் காத்திருக்கிறோம். அந்த வரிசையை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை. பயணக் காப்புறுதி எடுப்போம் என்றால், கிட்டடியில் மருந்தின் அளவை மாற்றியிருந்தால் அந்த வருத்தத்துக்குக் காசு தர மாட்டார்களாம். போன மாதம்தான் டொக்டர் என் பிறஷர் குளிசையைக் கூட்டினவர்.

நவம்பர் 24, ஞாயிறு

மகள் அஜாக்ஸிலிருந்து வந்தாள். பேரன் வந்ததும் வராததுமாக அம்மம்மாவின் மடியில் ஏறிவிட்டான், முழங்கால் நோவென்றாலும் அவள் இறக்கிவிடவில்லை. அவர்கள் போனபிறகு மனுசி குசினியில் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"உங்களுக்குப் போக உடுவில் இருக்குது. எனக்கு எங்கை இருக்குது?"

அவளின் ஊர் மயிலிட்டி, அதுவும் யாழ்ப்பாணம்தான். 1990 சண்டையில் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள். 27 வருடம் கழித்து, 2017 இல், அந்தப் பக்கத்தில் கொஞ்சத்தை ஆமி விட்டபோது அவளின் தம்பி போய்ப் படம் எடுத்து அனுப்பினான். நாயுருவிப் பற்றை. கிணற்றுக்கட்டில் ஒரு துண்டு. வீடு எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்றுகூட அவனால் சொல்ல முடியவில்லை. அவள் அந்தப் படத்தை ஃபோனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

"உங்களோட வந்தால் நான் மச்சாள் வீட்டு விருந்தாளி. எத்தினை மாசம் விருந்தாளியா இருக்கிறது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. குப்பை வைக்கப் போகிறேன் என்று வெளியே போய்விட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

உடுவில் வீட்டில் இருக்கிற அக்காவோடு வீடியோவில் கதைத்தேன். கிணற்றுத் தண்ணி எப்படி என்று கேட்டேன். 2014, 2015 இல் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த நேரம் அவ பவுசர் தண்ணிக்கு வாளியோடு நின்றவ. இப்போது மணமில்லையாம், ஆனாலும் குடிக்கிறதுக்குப் போத்தல்தானாம்.

பிறகு என் திட்டத்தைச் சொன்னேன். முன்னறை எங்களுக்கு. அதோடு ஒட்டி ஒரு குளியலறை, கொமட் வைத்து. ஏசி ஒன்று. மேசனோடு கதைத்து விலை கேள் அக்கா, காசு நான் அனுப்புகிறேன்.

"செய்யலாம் தம்பி" என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குள் போனா. சின்ன வயதில் நானும் அண்ணனும் படுத்த அறை. இப்போது அங்கே அக்காவின் கட்டில். தலைமாட்டில் குளிசைப் பெட்டி, திங்கள் செவ்வாய் என்று மூடி போட்டது. கொடியில் இரண்டு சேலை. யன்னல் குந்தில் அம்மாவின் கண்ணாடி, ஒரு கை உடைந்தது.

"நான் சாமியறைக்குப் பக்கத்து அறைக்குப் போறன். காணும்."

அது தேங்காய் குவிக்கிற அறை. யன்னல் இல்லை.

அவ அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் இரவு முழுக்க நித்திரை வராமல் வைத்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

வீட்டுக் காணி உறுதி இன்னும் அப்பா பெயரில்தான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அக்காவுக்குச் சீதனமாக எழுதத்தான் இருந்தது. கலியாணம் சரிவரவில்லை, எழுதவும் இல்லை. அப்பா போனார், அண்ணன் போனான், பிறகு அம்மா. 1995 ஒக்டோபர் கடைசியில் சண்டையால் எங்கள் வலிகாமப் பகுதியே வெளிக்கிட்டபோது அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்து உருட்டிக்கொண்டு தென்மராட்சிக்குப் போனது அக்கா. அந்த உறுதியைப் பொலித்தீனில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு போய், அடுத்த வருடம் திரும்பக் கொண்டு வந்ததும் அவதான். நான் அந்த மழைநாளில் இங்கே மார்க்கம் நகரில் பெட்டி அடித்துக்கொண்டிருந்தேன். கூரை போடக் காசு அனுப்பினேன். அதனால் வீடு என்னுடையது என்று எப்போதிலிருந்து நினைக்கத் தொடங்கினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

சட்டமும் கொஞ்சம் விசாரித்தேன். நான் 1993 இல் கனடாப் பிரசை ஆனபோது இலங்கைப் பிரசாவுரிமை போய்விட்டது. அங்கே விசா இல்லாமல் இருப்பதற்கு இரட்டைப் பிரசாவுரிமைக்கு எழுத வேண்டும். வெளிநாட்டுப் பிரசையின் பெயரில் காணி எழுதுவதை 2014 சட்டம் தடுக்கிறது, இரட்டைப் பிரசாவுரிமைக்காரருக்கு விலக்கு உண்டு. முதுசமாக வந்த என் பங்கு வேறு கதை. அதைக் கொடுப்பதற்கு ஒரு தடையும் இருப்பதாகத் தெரியவில்லை.

2025 ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மின்னடுப்பில் பொங்கல் ஒருநாளும் ஒழுங்காகப் பொங்கி வழிவதில்லை. வழிந்தால் புகை அலாரம் அடிக்கும்.

மனுசியிடம் சொன்னேன்: என் பங்கை அக்கா பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதப் போகிறேன். அவள் சர்க்கரையை அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். போட்டு முடித்துவிட்டு, "இதை எப்பவோ செய்திருக்க வேணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "முழங்கால் வெட்டினாப் பிறகு எண்டால், ஆறு கிழமைக்கு நானும் வாறன்" என்றாள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஒரே கிழமையில் இரண்டாவது பெரிய ஸ்னோ. வழியை வெட்ட ஒன்றரை மணித்தியாலம். முதுகு பிடித்துவிட்டது. வெட்டி முடியக் கலப்பைக்கார லொறி வந்து, தெரு ஸ்னோ முழுவதையும் வாசலில் திருப்பித் தள்ளிவிட்டுப் போனது.

சுவர்க் கலண்டரில் நாளை எண்ணினேன். ஒக்டோபரில் 65 முடியும், அடுத்த மாதம் பென்சன். நவம்பர் நடுவில் வெளிக்கிட்டு மார்ச் கடைசியில் வந்தால் 135 நாள். ஹெல்த் கார்ட் தப்பும். சென்னைக்குப் போனால் அங்கிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது, கொழும்பிலிருந்து ஏழெட்டு மணித்தியாலம் வான் வண்டிக்குள் இருந்து முறிய வேண்டியதில்லை.

அக்காவுக்கு எடுத்தேன். உறுதி எழுதுகிற நொத்தாரிசைப் பார்த்து வைக்கச் சொன்னேன், நவம்பரில் நானே வந்து கையெழுத்து வைக்கிறேன் என்றேன். முன்னறையை விட்டு மாற வேண்டாம், எங்களுக்கு விறாந்தைப் பக்கத்து அறை காணும் என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். ஒரு சேவல் கூவியது கேட்டது.

"அப்ப அந்தக் கொமட்?" என்று கேட்டா.

"அதை வையுங்கோ அக்கா. அவளுக்குக் குந்தி எழும்ப ஏலாது."

"எனக்கும்தான்" என்றா.