மாம்பழ ஃப்ளோட்டுக்குள் ராசவள்ளி

மாம்பழ ஃப்ளோட் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வரிசை கிரகாம் பிஸ்கட், அதன் மேல் ரின்பால் (கண்டென்ஸ்ட் மில்க்) சேர்த்து அடித்த கிறீம், அதன் மேல் மாம்பழத் துண்டுகள், திரும்பவும் பிஸ்கட். இப்படியே அடுக்கி ஓர் இரவு பிரிட்ஜில் வைத்தால் பிஸ்கட் ஊறி, கத்தியால் வெட்டுகிற பதத்துக்கு வந்துவிடும். ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், ஜெலட்டின்கூட வேண்டாம். பிலிப்பைன்ஸில் பிறந்தநாளோ நத்தாரோ, மேசையில் இது ஒரு மூலையில் இருக்கும். மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து சொக்லேட் ஐசிங்கோடு அடுக்கும் இலங்கை பிஸ்கட் புடிங்கைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போக வாய்ப்பில்லை.

எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் வேலையிடத்தில் எல்லோரும் ஆத்தே, அதாவது அக்கா, என்று கூப்பிடும் ஒரு மூத்த பெண். சொந்த ஊர் பிலிப்பைன்ஸின் இலோயிலோ. அங்கிருந்து படகேறினால் கிமராஸ் தீவு, மாம்பழத்துக்கே பேர்போன இடம். ஆகவே மாம்பழ விஷயத்தில் ஆத்தேயைத் திருப்திப்படுத்துவது லேசு இல்லை. இங்கே கனடாவின் ஸ்காபரோவில் கிடைக்கிற பெரிய சிவப்பு மாம்பழத்தைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார். நாரும் தண்ணீரும்தான் அதில் இருக்கிறதாம். மெக்சிகோவிலிருந்து வரும் அட்டவுல்ஃபோவை மட்டும் ஏற்றுக்கொள்வார். சின்னதாக, மஞ்சளாக, மெல்லிய கொட்டையோடு இருக்கும் பழம்; பிலிப்பைன்ஸின் கராபாவ் மாம்பழத்தின் சாடை நன்றாகவே தெரியும். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடிய காலத்தில் பிலிப்பைன்ஸ் மாம்பழம் மெக்சிகோவுக்குப் போயிருக்கிறது. அங்கே இன்றும் ஒரு வகைக்கு மணிலா என்றுதான் பெயர். அட்டவுல்ஃபோவை வாங்கியவுடன் வெட்டக் கூடாது. தோல் கொஞ்சம் சுருங்கி, காம்பருகே வாசனை வரும் வரைக்கும் மேசையில் கிடக்கட்டும்.

வெறும் மாம்பழ ஃப்ளோட் எனக்குக் கைவந்துவிட்டது. அப்புறம் வந்த ஆசைதான் இந்தப் பதிவு: நடுவில் ஓர் அடுக்கு ஊபே வைக்க வேண்டும். ஊபே என்றால் ஊதா நிற வள்ளிக்கிழங்கு. பிலிப்பினோக்கள் அதை அவித்துத் துருவி, பாலும் சீனியும் பட்டரும் சேர்த்துக் கிண்டி ஹலயா என்ற இனிப்பாக்குவார்கள். மலைநகரமான பாகியோவில் குட் ஷெப்பர்ட் கன்னியாஸ்திரிகள் செய்யும் ஊபே ஜாம் அந்த நாடு முழுக்கப் பிரபலம். ஒருமுறை ஊதாக் கிழங்குக்குத் தட்டுப்பாடு வந்தபோது வெள்ளைக் கிழங்கில் செய்து, சாயம் போடாமல் வெள்ளை ஜாமாகவே விற்றார்கள். எனக்கு அது மிகவும் பிடித்த சங்கதி. ஊதா நிறத்துக்காகவே உலகம் ஊபேயின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது இப்படிச் செய்யத் துணிச்சல் வேண்டும்.

முதலில் போத்தலில் அடைத்த ஹலயாவை வாங்கித்தான் தொடங்கினேன். நேரம் மிச்சம், ஆனால் இனிப்பு தொண்டையை அடைத்தது. ஏற்கெனவே கிறீமில் ரின்பால் இருக்கிறது, பழமும் இனிப்பு. மூன்றாவதாக இன்னொரு சீனிப் பண்டம் உள்ளே போனால் எது எதன் ருசி என்றே தெரியவில்லை. அடுத்தது பிலிப்பினோ கடையில் துருவி உறையவைத்து விற்கும் ஊபே. அது பரவாயில்லை, இனிப்பை நாமே தீர்மானிக்கலாம். உறைநிலையில் அதிகம் தண்ணீர் கோர்த்திருப்பதால் துணியில் கட்டிப் பிழிய வேண்டும்.

தமிழ்க் கடையில் மண்ணோடு குவித்து வைத்திருந்த ராசவள்ளிக் கிழங்கைப் பார்த்ததும் வேறு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. ஊபேயும் ராசவள்ளியும் ஒரே இனம்தான், டயோஸ்கோரியா அலாட்டா. யாழ்ப்பாணத்தில் இதைத் தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் களியாகக் காய்ச்சுவோம். அதாவது ஹலயாவில் பாதி வழி எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி பட்டரும் பொறுமையும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பல கடைகளில் ஊதா நிற வற்றாளையையும் (சர்க்கரைவள்ளிக் கிழங்கு) இதே கூடையில் போட்டு ஒரே பெயரில் விற்பார்கள். வற்றாளையின் தோல் வழுவழுப்பாக இருக்கும், ருசியும் வேறு. ராசவள்ளியின் தோல் மரப்பட்டை போல் கரடுமுரடு. பச்சையாகச் சீவினால் கை கடிக்கும். வெட்டிய முகத்தில் பசைபோல வழுக்கலும் வரும். நான் தோலோடு பெரிய துண்டாக வெட்டி அவித்துவிட்டு, ஆறிய பிறகு உரித்தேன். கை கடிக்கவில்லை, நிறமும் தண்ணீரில் அவ்வளவாகப் போகவில்லை.

அரைக் கிலோ மசித்த கிழங்குக்கு நான் எடுத்த அளவு: கெட்டியான தேங்காய்ப்பால் 400 மி.லி., ரின்பால் அரை ரின், பட்டர் 60 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி. சீனி தனியாகப் போடவில்லை. அடி கனத்த தாச்சியில், மிதமான நெருப்பில், மரத்தாலான அகப்பையால் கிண்ட வேண்டும். தொடக்கத்தில் பார்க்க நம்பிக்கையே வராது. சாம்பல் கலந்த இளஊதாவாக, கஞ்சி மாதிரி கிடக்கும். பத்து நிமிடம் போனதும் பெரிய குமிழிகள் எழுந்து டப் டப்பென்று வெடிக்கும், கையில் தெறித்தால் சுடும். அதற்குப் பிறகு நிறம் இறங்கி ஆழமாகும். அகப்பையால் நடுவே ஒரு கோடு இழுத்தால் முதலில் உடனே மூடிக்கொள்ளும். பிறகு மெதுவாக மூடும். கடைசியில் கோடு அப்படியே நிற்கும், ஓரத்தில் எண்ணெய் மினுக்கம் தெரியும். வெறுமனே சாப்பிடுவதற்கு அங்கே இறக்கலாம். அடுக்குக்கு என்றால் இன்னும் ஐந்து நிமிடம். திரட்டித் தூக்கினால் அகப்பையில் ஒட்டிக்கொண்டு, மெதுவாகப் பிரிந்து விழ வேண்டும். எல்லாமாக முக்கால் மணித்தியாலம் நின்றிருப்பேன்.

அம்மா வந்து விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "பிள்ளை, இது எங்கட ராசவள்ளிக் களிதானே. ஏன் இப்பிடி இறுக்கிப்போட்டாய்?"

இறுக்கியதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பண்டத்தில் வேலை முழுக்கத் தண்ணீரின் கணக்கு. பிஸ்கட் கிறீமிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மெத்தென்று ஆகிறது, அது நல்லது. மாம்பழம் இனிப்போடு சேர்ந்தால் சாறு விடும், அது அளவோடு இருந்தால் நல்லது. ஹலயாவும் இளக்கமாக இருந்துவிட்டால் பிஸ்கட்டுக்கு மூன்று பக்கத்திலிருந்தும் ஈரம் வந்து, வெட்டும்போது அடுக்கு வழுக்கி ஓடும். அதே நேரம் இறுகிய ஹலயாவைத் தனியாகப் பரப்பினாலும் சரிவராது. கத்தி இறங்கும்போது அந்த அடுக்கு மட்டும் கட்டியாக நின்று மற்றதையெல்லாம் நசுக்கும். ஆகவே நன்றாக ஆறிய ஹலயாவில், அடித்த கிறீமை இரண்டு தவணையாகக் கலந்து இளக்கினேன். முதல் தவணையைத் தயவுதாட்சணியம் இல்லாமல் கிளறலாம். இரண்டாவதை மடித்து மடித்துத்தான் சேர்க்க வேண்டும். ஹலயா இளஞ்சூடாக இருந்தால்கூடக் கிறீம் உருகிவிடும்.

கிறீமைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிலிப்பைன்ஸில் பெட்டியில் வரும் ஆல் பர்ப்பஸ் கிறீமைத்தான் முதல்நாளே குளிரவைத்து அடிப்பார்கள். அது மென்மையாகவே நிற்கும். இங்கே 35 வீதக் கொழுப்புள்ள விப்பிங் கிறீம் கிடைப்பதால் நன்றாக நிமிரும். 473 மி.லி. பெட்டி இரண்டு. கிண்ணத்தையும் ரின்பாலையும்கூடப் பிரிட்ஜில் வைத்து எடுத்தேன். ஹலயாவுக்குப் போக மிச்சமிருந்த அரை ரின்தான் கிறீமுக்கு. ஆத்தே முழு ரின் போடுவார், எனக்கு அது கூடிப்போகும்.

ரின்பால் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ரின்பால், கிரகாம் பிஸ்கட், பிரிட்ஜில் வைத்து எடுக்கும் கேக் எல்லாம் பிலிப்பைன்ஸ் சமையலோடு ஒட்டியது 1898க்குப் பிறகான அமெரிக்க ஆட்சியின் விளைவு. மாம்பழம் மட்டும்தான் ஊர்ப் பொருள். கிரகாம் என்ற பெயரோ 19ஆம் நூற்றாண்டில் வெள்ளை மாவையும் ருசியான சாப்பாட்டையும் கண்டித்துப் பிரசங்கம் செய்த சில்வெஸ்டர் கிரகாம் என்ற அமெரிக்கப் போதகருடையது. அவருடைய பெயரைத் தாங்கிய பிஸ்கட் ரின்பாலில் ஊறிக் கிடப்பதைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

பிலிப்பினோ கைவண்ணமாக இன்னும் மூன்றைச் சேர்த்துப் பார்த்தேன். முதலாவது கலமன்சி, நம் தேசிக்காயை விடச் சின்னதாக, தோடம்பழ வாசனையோடு இருக்கும் எலுமிச்சை. அதன் சாறு இரண்டு மேசைக்கரண்டியை ரின்பாலில் கலந்தால் புளிப்பு பாலின் புரதத்தைத் திரளச் செய்து ரின்பால் தடித்துவிடும். கிறீம் நிற்பதற்கு அது உதவி, இனிப்பையும் கொஞ்சம் வெட்டும். ஆனால் ஒரு வேடிக்கை நடந்தது. ராசவள்ளியின் ஊதா நிறம் ஆந்தோசயனின், புளிப்புப் பட்டால் சிவக்கும். பிஸ்கட்டுகளுக்கு நடுவிலிருந்த இடைவெளிகளில் வெள்ளைக் கிறீமும் ஊதாக் கிறீமும் தொட்டுக்கொண்ட இடமெல்லாம் மறுநாள் மெல்லிய ரோஸ் நிறக் கோடாக நின்றது. கண்ணாடித் தட்டின் பக்கவாட்டில் பார்த்தபோது யாரோ பென்சிலால் கீறியதுபோல. வீட்டுப் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கவனித்தார்கள். கோடு வேண்டாம் என்பவர்கள் கலமன்சியை விட்டுவிடலாம்.

இரண்டாவது சீஸ். ஊபேயும் சீஸும் அவர்களுக்குப் பிரியாத ஜோடி, பாணுக்குள்ளும் ஐஸ்கிறீமிலும் சேர்ந்தே வரும். அம்மாவுக்கு இதைச் சொல்லவே இல்லை. ஊதா அடுக்கின் மேல் மிக மெல்லியதாகத் துருவித் தூவினேன். உப்பு ஒரு நொடி தட்டுப்பட்டு மறையும்போது கிழங்கின் ருசி திடீரென்று தெளிவாகிறது. ஆனால் தடிப்பாகத் துருவினால் வாயில் தனியாக நிற்கும், அப்போது நன்றாக இல்லை.

மூன்றாவது லாத்திக். தேங்காய்ப்பாலைச் சுண்டக் காய்ச்சி, எண்ணெய் பிரிந்து அடியில் தங்கும் வண்டல் பொன்னிறமாகப் பொரிந்ததும் வடித்தெடுப்பது. எங்கள் ஊரில் வீட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சிய கையோடு அந்த வண்டலைச் சீனி தொட்டுச் சாப்பிட்டவர்களுக்கு இது புதிதல்ல. ரின் தேங்காய்ப்பாலில் பிரிந்துவிடாமல் இருக்கச் சேர்மானங்கள் கலந்திருந்தால் எவ்வளவு காய்ச்சினாலும் எண்ணெய் சரியாகக் கக்காது. தேங்காயும் தண்ணீரும் மட்டும் என்று லேபலில் எழுதியிருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும், அல்லது தேங்காய் துருவி முதற்பால் பிழிய வேண்டும். கிரகாம் தூளுக்குப் பதிலாக இதைத் தூவினேன். பரிமாறுகிற நேரத்தில் தூவினால்தான் மொறுமொறுப்பு இருக்கும்.

அடுக்கு முறை இப்போது இப்படி நிற்கிறது: 9க்கு 13 அங்குலக் கண்ணாடித் தட்டு. அடியில் பிஸ்கட், மேலே வெள்ளைக் கிறீம், மாம்பழம். பிறகு பிஸ்கட், ஊதாக் கிறீம், சீஸ். திரும்பவும் பிஸ்கட், வெள்ளைக் கிறீம். மாம்பழத் துண்டுகளைக் கடதாசித் துவாயில் ஒற்றி எடுத்த பிறகே வைக்கிறேன், அதுவும் கிறீமின் மேல்தான். வெறும் பிஸ்கட்டில் பட்டால் அந்த இடம் மட்டும் கூழாகும். மேல் அடுக்குக்குரிய மாம்பழத்தை மறுநாள் வெட்டி வைப்பது நல்லது. பிஸ்கட்டைப் பாலில் தோய்க்கத் தேவையில்லை. பிஸ்கட் புடிங் செய்து பழகிய கை பால் கோப்பையைத் தேடும், கட்டுப்படுத்திக்கொள்ளுங்கள்.

எட்டு மணித்தியாலத்தில் வெட்டலாம் என்றாலும் இரண்டாம் நாள்தான் உச்சம். அப்போது பிஸ்கட் எங்கே முடிகிறது, கிறீம் எங்கே தொடங்குகிறது என்று நாக்குக்குத் தெரியாது. மூன்றாம் நாள் மாம்பழம் கறுக்கத் தொடங்கும்.

ஆத்தேக்கு ஒரு பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, கிழங்கு நல்ல வாசனை, எந்தக் கடை எசன்ஸ் என்று கேட்டார். எசன்ஸ் இல்லை என்றதும் நம்பவில்லை. உண்மையில் கிழங்கின் சொந்த வாசனை மிக லேசானது. தேங்காய்ப்பாலும் பட்டரும் நீண்ட நேரம் கிண்டுபட்டதில் எழுந்ததைத்தான் அவர் முகர்ந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கடைக் கேக்குகளில் வருகிற அந்தப் பலமான ஊபே மணம்தான் வேண்டுமென்றால் எசன்ஸ் இரண்டு துளி போதும்.

மிச்சத்தை ஃபிரீசரில் வைக்கச் சொன்னார் அவர். அவர்கள் வீட்டில் கோடையில் உறையவைத்து ஐஸ்கிறீம் கேக்காகவே சாப்பிடுவார்களாம். அரைவாசித் தட்டை அப்படிச் செய்தேன். ஊதா அடுக்கு அருமையாக இருந்தது. கிழங்கின் மாப்பிடிப்பு இருப்பதால் கல்லாக உறையவில்லை. மாம்பழத் துண்டுகள்தான் பல்லைக் கூசவைத்தன. அடுத்த தடவை ஃபிரீசருக்கென்று செய்தால் மாம்பழத்தை மசித்துக் கிறீமோடு கலந்துவிட வேண்டும்.