மணல் ஊற்றும் உப்பும்

தனுஷ்கோடியில் இருபுறமும் கடல். நடுவில் மணலைச் சில அடி தோண்டினால் குடிக்கிற தண்ணீர். மழைநீர் உப்புநீரைவிட லேசு. அவ்வளவாகக் கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. கணக்கு 1:40, அதாவது கடல்மட்டத்துக்கு மேலே ஒரு பங்கு நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது பங்கு. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 10 செ.மீ. இறங்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு சுமார் 4 மீட்டர் ஏறும். அதனால்தான் ஊற்றில் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக மொள்வது. மோட்டார் போட்டு ஒரே இடத்தில் உறிஞ்சினால் கீழிருக்கும் உப்பு கூம்பாக எழும்பி வந்துவிடும். ஆழமாக போர் போடுவது அதைவிட மோசம், நேரே உப்பில்தான் போய் முட்டும்.

பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியின் தலைநகர் தெற்கு தராவாவில் இதே சங்கதிதான். அங்கே துளையிட்ட குழாய்களைப் படுக்கைவாக்கில் புதைத்து, மேல்தண்ணீரை மட்டும் பரவலாக எடுக்கிறார்கள். நம்மூர் ஊற்றின் நீட்டிய வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பசிபிக் தீவு நாடான துவாலு பெரும்பாலும் கூரை மழைநீரையே நம்புகிறது. 2011 வறட்சியில் அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று.

கடல் உயரும்போது கரை அரிப்பைத்தான் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் அலை ஒருமுறை தீவைத் தாண்டினால் போதும், உப்பு மேலிருந்து இறங்கும். அது கழுவிப்போக மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். உடனே கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யப் பார்ப்பார்கள். ரொம்ப இறைத்தால் கீழே இருக்கும் உப்பும் சேர்ந்துகொள்ளும்.