தோண்டாமல் குழாய்க் கசிவைப் பிடிப்பது

வேலூரில் பல தெருக்களுக்குத் தண்ணீர் முறைவைத்துத்தான் வருகிறது. கசிவு தேடுபவருக்கு இதுதான் முதல் தலைவலி. அழுத்தம் இல்லாத குழாயில் சத்தமே எழாது. லட்ச ரூபாய் கருவியும் ஊமைதான். வால்வைத் திறந்து, குழாய் நிரம்பி, காற்று வெளியேறிய பிறகே தொடங்குங்கள். குறைந்தது 1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) அழுத்தமாவது வேண்டும்.

ஈரம் தெரியும் இடத்தை நம்பாதீர்கள். மலையடிவாரச் சரிவில் தண்ணீர் பாறைமேலேயே ஓடி, கீழே எங்கோ தலைகாட்டும். பாலாற்றோர மணலிலோ மேலே வராமலே இறங்கிவிடும்.

முதலில் கேட்புக் கம்பி, அதாவது குழாயின் சத்தத்தைக் காதுக்குக் கடத்தும் உலோகக் கம்பி. வால்வுத் தண்டில் வைத்துக் காதைக் கொடுத்தால் 'உஸ்ஸ்' கேட்கும். எந்த இரண்டு வால்வுகளுக்கு நடுவில் பலமாக இருக்கிறதோ, அந்த இரண்டிலும் கோரிலேட்டர் சென்சார்களைப் பொருத்துங்கள். கசிவுச் சத்தம் இரண்டு சென்சாருக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை அளக்கும் கருவிதான் கோரிலேட்டர். துருவைச் சுரண்டிவிட்டுத்தான் பொருத்தவேண்டும், சென்சாரின் காந்தம் இரும்பில் ஒட்டாவிட்டால் அளவு வீண்.

சென்சார்களுக்கு இடைவெளி 100 மீட்டர், வார்ப்பிரும்பில் ஒலிவேகம் விநாடிக்கு 1250 மீட்டர், நேர வித்தியாசம் 0.024 விநாடி என்று வையுங்கள். 1250 × 0.024 = 30. நூறில் கழித்துப் பாதியாக்கினால் 35 மீட்டர். சத்தம் முந்தி வந்த சென்சாரிலிருந்து அளக்கவேண்டும். அதே குழாய் பிவிசி என்றால் வேகம் 450 அளவுதான், விடை 44.6 மீட்டர். கிட்டத்தட்ட 10 மீட்டர் தள்ளிப் பள்ளம்! பழைய இரும்பு லைனில் நடுவே பிவிசி ஒட்டுப்போட்டிருப்பது சகஜம், விசாரித்துவிடுங்கள்.

பிவிசியில் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். அங்கே 5 சதவீத ஹைட்ரஜன், 95 சதவீத நைட்ரஜன் கலந்த வாயுவே கைகொடுக்கும்: குழாய்க்குள் செலுத்தினால் கசிவு வழியே மேலே வரும், தரைமேல் கருவியால் கண்டுபிடிக்கலாம். இந்த அளவில் தீப்பிடிக்காது. கான்கிரீட் சாலையில் மட்டும் கவனம்: வாயு பெரும்பாலும் விரிசல் வழியாக வரும், கசிவுக்கு நேர்மேலே வரவேண்டும் என்றில்லை.