ஒரு கொப்பியும் ஒரு துவாயும்

மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று டொக்டர் சொன்ன பிறகு, அவர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து இடியப்பம் அவித்தேன். எல்லாரும் படுத்த பிறகு குசினியில் இருந்து அழுதேன்.

அடுத்த நாள் தங்கச்சி ஒரு கொப்பியோடு வந்தாள். "அக்கா, கேட்க வேண்டியதை எழுதுங்கோ. நானும் வாறன்" என்றாள். அதுதான் என்னைத் தூக்கி நிறுத்தியது. ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 (புற்றணுக்களில் இருக்கின்றனவா என்று பார்க்கும் புரதங்கள்) என்று கட்டியின் பரிசோதனை அறிக்கையில் இருந்தவைதான் எனக்கு எந்த மருந்து பொருந்தும் என்று காட்டுகின்றன என்பது, அவள் கேட்டதால்தான் விளங்கியது.

கீமோவுக்கு மட்டக்களப்புக்கு விடியற்காலை பஸ். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது வெளிச்சம் வரும். மடியில் துவாயும் தேசிக்காயும். வீட்டில் வெப்பமானி. கீமோ எடுக்கும் காலத்தில் காய்ச்சல் 38 பாகைக்கு ஏறினால், பனடோல் போட்டுவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கீமோவால், கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் இரத்தத்தில் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித் தொற்று சில மணி நேரத்திலேயே உயிராபத்தாகலாம்.

மூன்றாம் கிழமை முடி கொத்துக் கொத்தாக வந்தது. "என்ன பாவம் செய்தாயோ" என்று கேட்ட உறவினரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நோய் பாவத்தால் வருவதில்லை.

போன வெள்ளிக்கிழமை சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு திருகோணமலைக் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயிலுக்குப் புறப்பட்டேன். கோட்டைக்குள் மான்கள் நின்றன. பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. சரி, இருப்போம் என்று மகளோடு மதிலில் இருந்து, கச்சான் முடியும் வரை கடலைப் பார்த்தோம்.